எல்லா என்றொரு பெண்

“ஏலாது! ஏலாது!”

ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வெடித்துக் கிளம்ப, சுவர்ணாவின் கையிலிருந்த தேநீர் தளும்பிச் சிந்தியது. அது அவளுடைய குரலேதான். பதினாறு வருடத்துக்கு முந்திய குரல்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹன்னா வானொலியில் வேலை செய்பவள். ‘மிட்சம் லேன்’ என்ற பிரிட்பாப் இசைக்குழு இந்த 2009இல் மறுபடியும் மேடையேறப்போகிறது. அவர்களுடைய முதல் தனிப்பாடலான ‘எல்லா டூ’ பிறந்த கதையைத் தேடித்தான் லண்டன் நோர்பரியிலுள்ள இந்த வீட்டுக்கு வந்திருந்தாள். எல்லா என்பவள் பாடகனின் காதலி என்றே ரசிகர்கள் நம்பியிருந்தார்கள். டிரம்ஸ்காரர்தான் குட்டை உடைத்தார். ஸ்ட்ரெதமில் அவர்கள் ஒத்திகை பார்த்த கராஜுக்கு அடுத்த வீட்டில் ஒரு தமிழ்ப்பெண் தொலைபேசியில் கத்தினாளாம். அது டேப்பில் விழுந்துவிட்டது. அவள் சொன்ன ‘ஏலாது’வைக் காதில் கேட்ட மாதிரியே ‘எல்லா டூ’ என்று பாடகன் பல்லவியாக்கிவிட்டான்.

“எல்லாவோ? அது எங்கடை மலைநாட்டிலை இருக்கிற ஊரெல்லே,” என்று சிரித்தார் சுவர்ணாவின் கணவர் பாலேந்திரா. “நீர் ஆரோடை சண்டை பிடிச்சனீர்?”

“அம்மாவோடை.”

“என்னத்துக்காம்?”

சுவர்ணா கோப்பையை மேசையில் வைத்தாள். கேட்ட உடனேயே கல்யாணத்துக்குச் சம்மதித்தவள் என்று அவளைப் பற்றி இவர் சட்டனிலுள்ள சிநேகிதர்கள் வரைக்கும் பெருமையடித்து வைத்திருக்கிறார். அவளும் ஒருநாள் கூட மறுத்துப் பேசியதில்லை. டேப் இன்னும் கொஞ்சம் ஓடினால் அந்தப் பெருமை இங்கேயே செத்துவிடும்.

“இவ்வளவும் காணும், நிப்பாட்டச் சொல்லுங்கோ,” என்றாள்.

ஹன்னாவுக்குத் தமிழ் புரியவில்லை. கதை சொல்ல உற்சாகம் வந்துவிட்டது என்று நினைத்து, ஒலியை இன்னும் கூட்டினாள்.

“ஏலாதம்மா. அந்தப் பாலேந்திராவைக் கட்ட என்னாலை ஏலாது. போட்டோவிலையே உம்மெண்டு நிக்குது ஆள்.”

பிறகு கிட்டார் இரைந்து எல்லாவற்றையும் மூடியது. என்ன சொன்னீர்கள் என்று ஹன்னா ஆவலோடு கேட்டாள். தாயோடு ஏதோ வாக்குவாதம் என்று மட்டும் சுவர்ணா ஆங்கிலத்தில் சொல்லி வைத்தாள். கணவர் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.

“இஞ்சாருங்கோ... அது உங்களை நேரிலை காணமுதல் சொன்னது.”

பாலேந்திரா குனிந்து, சிந்தியிருந்த தேநீரைத் துடைத்தார்.

“தெரியுமப்பா. அண்டைக்குக் கொழும்பிலை உம்மடை அம்மாவுக்குப் பக்கத்திலை, அதே ரிசீவரிலை காதை வைச்சுக்கொண்டு நிண்டது நான்தானே.”