திரும்பாத நார்கள்

றுமானாவின் மடிக்கணினித் திரையில் நார்கள் அசையாமல் நின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் நாணைத் தொடர்ந்து ஒரே திசையில் இழுத்தால், அதன் நார்கள் நாளடைவில் இழுவையின் பக்கம் திரும்பித் தம்மை மாற்றி அடுக்கிக்கொள்ளும். அந்தத் திரும்பலைத்தான் அவள் சமன்பாடாக எழுதியிருந்தாள். இழுவை இடமிருந்து வலமாக, நார்கள் நெட்டுக்குத்தாக. எத்தனை தடவை ஓட்டியும் ஒன்றுகூடச் சரியவில்லை.

"நாளைக்கு இதத்தான் காட்டணும். எங்க பிழையெண்டு விளங்குதில்லடி."

பக்கத்தில் இருந்த தோழி இன்ஷிராவுக்குப் பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. சமன்பாடு சரி. படம் ஒழுங்காகத் தெரியவேண்டுமென்று றுமானா எல்லா நார்களையும் இழுவைக்கு மிகச் சரியான செங்கோணத்தில் நிறுத்திவிட்டாள். அப்படி நிற்கும் நாருக்கு இடமோ வலமோ திரும்ப ஒரு காரணமும் இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் இம்மியளவு சரித்துவிட்டால் போதும். உயிருள்ள உடம்பில் எதுவும் அவ்வளவு நேராக நிற்பதில்லை.

அவள் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஆய்வுப் படிப்புக்கு ஓரிடம்தான் இருந்தது. நாளை திருகோணமலையில் நேர்முகம், இருவருக்கும். வளாகத்தில் இன்ஷிரா கேட்கும் கேள்விகளுக்கும் விரிவுரையாளர் றுமானாவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். இங்கே கிண்ணியாவில், தன் சொந்த வீட்டிலும் அதே கதை. உம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து பூப்போட்ட கோப்பையை எடுத்து றுமானாவுக்குத் தேநீர் வைத்தார். இன்ஷிராவுக்கு வழமையான கிளாஸ்.

"வெளிநாடு போற புள்ள, இப்பிடி மெலிஞ்சா சரியா? சாப்பிடுங்க மகள்," என்றார் உம்மா. யார் போவது என்று உம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

தேநீர் இன்ஷிராவின் நாக்கைச் சுட்டது.

"சமன்பாட்டுல ரெண்டாவது உறுப்புதான் பிழை போல," என்றாள். தன் குரல் அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அத எடுத்துட்டு ஓட்டிப் பாரு."

நாரைத் திருப்புவதே அந்த இரண்டாவது உறுப்புதான். றுமானா கொஞ்சம் யோசித்தாள்.

"நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எனக்கு இதெல்லாம் உன்னட்டக் கேட்டாத்தான் நிம்மதி."

அவள் சமன்பாட்டைத் திறந்து அந்த வரியைத் தேடத் தொடங்கினாள். இன்ஷிரா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். குடாவில் காற்று மாறியிருந்தது. நங்கூரமிட்ட படகுகள் எல்லாம் புதுக் காற்றை நோக்கித் திரும்பிவிட்டன. ஒன்று மட்டும் காற்றுக்கு நேராக முதுகு காட்டியபடி அப்படியே நின்றது. அதன் கயிறு தொய்ந்து கிடந்தது.

"இதுதானே?" றுமானாவின் விரல் அழிக்கும் விசைமேல் இருந்தது.

படகின் மூக்கு மெல்ல நடுங்கி, இம்மியளவு ஒரு பக்கம் சரிந்தது.