கிளமென்ட் நெற்றியில் விழுந்த மதிப்பெண்

பழங்காசுகளுக்குத் தரச்சொல் போய் மதிப்பெண் வந்த ஆண்டில், கைலாசபுரம் கிளமென்ட்டின் நெற்றியில் முப்பது என்று எழுந்தது. அதற்கு முன்பு அங்கே ‘மிக நன்று’ என்று இருந்தது. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அவர் திருச்சி நாணயச் சங்கத்தில் சேர்ந்த அன்றே அந்தச் சொல் வந்துவிட்டது. சேர்கிற எல்லோருக்கும் வரும். சந்தா ரசீதைப் போல அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சொற்களின் காலம் சுகமானது. காசை வெறுங்கண்ணால் பார்ப்பார்கள். ராஜாவின் காது தெரிந்தால் நன்று, மீசையும் தெரிந்தால் மிக நன்று, அதற்குள் டீ வந்துவிடும். பிறகு எழுபதுக்கு இத்தனை என்று போடும் முறை வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தது. கூடவே லென்ஸும் வந்தது. ராஜாவின் கன்னமேடு தேய்ந்திருக்கிறதா, கிரீடத்து முத்து மழுங்கியிருக்கிறதா என்று குடைந்தார்கள். காசு பெட்டிக்குள் அப்படியேதான் கிடந்தது, ஆண்டுக்கு ஆண்டு அதன் மதிப்பெண் மட்டும் இறங்கியது. கிளமென்ட்டுக்கும் இறங்கியது. முப்பது இருபத்தைந்தாகி, அப்புறம் இருபதாயிற்று. மனிதர் நொந்துபோனார். சாம்பல் புதன் அன்று மட்டும் சாமியார் பூசிய சாம்பலில் எண் மறைய, நிம்மதியாகக் கடைவீதிக்குப் போய்வந்தார். சங்கத்தில் தரம் பார்த்துச் சொல்கிற ஸ்ரீரங்கம் தேசிகனுக்கு அந்தக் கவலையே கிடையாது. அவருடைய எண் திருமண்ணுக்கு அடியில் இருந்தது. அது எத்தனை என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

மகள் லின்சிக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் விஷயம் முற்றியது. மாதா கோவில் வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கைப்பிடித்து அழைத்துப் போக வேண்டும், அவளுக்கும் அதுதான் ஆசை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வெறும் இருபதோடு எப்படி நடப்பது?

“நீயே கூட்டிட்டுப் போயிடு ராணி, நான் பந்தியப் பாத்துக்கறேன்” என்றார் மனைவியிடம்.

அமலராணி திருவிழாவுக்குத் திருவிழா கோவிலின் பித்தளை மெழுகுவர்த்தித் தண்டுகளைப் புளி போட்டுத் துலக்குகிறவர். “இதுக்கா இவ்வளவு? உக்காருங்க” என்று எலுமிச்சையளவு புளியை ஊறவைத்து, கல் உப்பும் சேர்த்து, கணவரின் நெற்றியைத் தேய் தேய் என்று தேய்த்தார். பழங்காசைத் துலக்காதீர்கள், துலக்கினால் அதோடு அது செத்தது என்று ஊருக்கெல்லாம் சொன்ன கிளமென்ட், தன் நெற்றி என்று வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி பளபளத்தது. இருபது போய்விட்டது. அந்த இடத்தில் ‘தேய்த்தது, மதிப்பெண் இல்லை’ என்று பொடி எழுத்தில் வந்து நின்றது.

அடித்துப்பிடித்து ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். தேசிகன் லென்ஸை வைத்து இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.

“அடடா, தேய்ச்சுட்டேளே. தேய்ச்ச காசுக்கு எண் போடற சம்பிரதாயமே இல்லையே. இனிமே என்னிக்கும் இதுதான்” என்றார்.

கல்யாணத்தன்று கிளமென்ட் நெற்றியில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, தலைவலி என்று கோவில் வாசலோரமாக நின்றார். லின்சி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து கைக்குட்டையை எடுத்துப் படித்தாள்.

“மார்க்கே இல்லன்னா இனிமே யாருப்பா அதக் கொறைக்க முடியும்? கையக் குடுங்க.”

கையைக் கொடுத்தார். எத்தனையோ வருஷ பாரம் இறங்கியதுபோல இருந்தது. பீடம் வரை அழுதுகொண்டே நடந்தார். அவரைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரும் அழுதார்கள், நெற்றியைப் படிக்க யாருக்கும் நேரமில்லை.

அடுத்த மாதம் சங்கம் தரத்தை மறுபடியும் இறுக்கியது. உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் குறைந்தது. ஞாயிறு பூசை முடிந்து கிளமென்ட்டும் அமலராணியும் வீடு திரும்பியபோது, சங்கத்தார் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள், ஆளுக்குக் கால் கிலோ புளியோடு. அமலராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “கொட்டை எடுத்த புளிதானே?” என்று கேட்டார்.