நல்ல தப்பு

குழாய் முதலாளிக்குப் பழமொழி என்றால் உயிர். குளியலறைக் குழாய் செய்து சம்பாதித்த பணத்தில் பெண்கள் கூடைப்பந்து அணி ஒன்றை வாங்கினார். அது வருடா வருடம் பட்டியலின் அடியில் கிடந்து அவர் மானத்தை வாங்கியது. கடைசியில் நிருபர்களைக் கூப்பிட்டு, "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார். மூத்த ஆட்டக்காரிகளை அனுப்பிவிட்டு, கல்லூரி மைதானங்களில் பொறுக்கியெடுத்த சின்னப் பெண்களை வைத்து அணியை அஸ்திவாரத்திலிருந்து கட்டப் போவதாக அறிவித்தார். மூன்று வருடத்துக்குத் தன்னிடம் யாரும் வெற்றி தோல்வி பேசக் கூடாது என்றும் சொன்னார். அந்த வேலைக்குக் கொத்தனாராக வந்து சேர்ந்தவள் கோச்சக்கா.

பெயர் பிள்ளைகள் வைத்தது. வெறும் கோச் என்றால் விறைப்பாக இருக்கிறது, வெறும் அக்கா என்றால் பயம் விட்டுப் போகிறது என்று இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயது. ஆடிய காலத்தில் தேய்ந்துபோன இடுப்பு, மாடிப்படியைக் கண்டாலே முணுமுணுக்கும். போன ஊர்களில் எல்லாம் ஒன்றிரண்டு வருடம் பயிற்சி கொடுத்து, முடிவு சரியில்லை என்று கைகுலுக்கி அனுப்பப்பட்டவள். தோற்பதற்கே மூன்று வருடம் அனுமதி தருகிற இடம் கிடைத்ததும், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் கணவரையும் பள்ளிக்கூடம் போகும் மகளையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று வருடம் என்பது வாய்ப்பேச்சு, ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்குத்தான் என்பதைக் கணவர்தான் பிறகு படித்துச் சொன்னார்.

வந்த முதல் நாளே பிள்ளைகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தாள். தப்பில் இரண்டு வகை உண்டு என்றாள். பயந்துபோய்ப் பந்தைப் பின்னால் கொடுப்பதும், நமக்கேன் வம்பு என்று நின்ற இடத்திலேயே தட்டிக்கொண்டிருப்பதும் கெட்ட தப்பு. இடைவெளியைக் கண்டு துணிந்து எறிந்து, அது போய் யாரோ ஒரு பார்வையாளரின் மடியில் விழுந்தால் அது நல்ல தப்பு. நல்ல தப்பு செய்தவளைக் களத்திலிருந்து எடுக்க மாட்டேன் என்றாள். சொன்னபடியே எடுக்கவும் இல்லை. ஆட்டம் முடிந்து திரும்பும் பேருந்தில், அன்றைய நல்ல தப்பு யாருடையது என்று பட்டிமன்றம் நடக்கும். ஜெயித்தவளுக்கு ஓட்டுநர் பக்கத்து ஒற்றை இருக்கை. தோற்றுத் தோற்று வந்த அந்த முதல் வருடத்தில், பேருந்துக்குள் இருந்த கூச்சலைக் கேட்டால் யாரோ கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் வழியில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

அந்த இருக்கையில் அதிகம் உட்கார்ந்தவள் குருவி. பத்தொன்பது வயது, அணியிலேயே குள்ளம். பந்து கையில் வந்துவிட்டால், வேறு யார் கண்ணுக்கும் தெரியாத சந்து அவள் கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் பார்த்து ஓடிக்கொண்டே இன்னொரு பக்கம் தட்டிவிடுவாள். பத்தில் நான்கு எங்கேயாவது போய்த் தொலையும். மற்ற ஆறைப் பார்க்கும்போது கோச்சக்காவுக்கு இடுப்பு வலி மறந்து போகும். இப்படி ஒருத்தி அவள் கைக்கு இதுவரை வந்ததில்லை. "இவளைக் கெடுக்காம வளர்த்துட்டாப் போதும். நானும் இந்த வேலையில ஏதோ பண்ணினேன்னு சொல்லிக்கலாம்" என்று கணவரிடம் சொன்னாள்.

இரண்டாவது வருடத்தின் பாதியில் வினை வந்தது. வெற்றி வேடம் போட்டுக்கொண்டு வந்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. ஓர் எதிரணியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். இன்னொன்றில் உயரமானவள் கணுக்கால் சுளுக்கிப் படுத்துவிட்டாள். மற்ற இரண்டு ஆட்டங்களில் பிள்ளைகள் நிஜமாகவே நன்றாக ஆடினார்கள். ஆக நான்கு வெற்றி வரிசையாக. முதல் ஆறு இடத்துக்குள் வந்தால், கோப்பைக்கான அடுத்த சுற்றான பிளேஆஃப். இவர்கள் ஏழாவது இடத்தில் வந்து நின்றார்கள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தால் ஆசை யாரை விட்டது?

முதலாளி நேரிலேயே வந்தார். கோச்சக்காவின் அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக இருந்தது. ஒரு மேசை, காற்று இறங்கிய பந்துகள் அடைத்த வலைப்பை, மூலையில் எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும் கொதிநீர்த் தொட்டி. அவர் நின்றுகொண்டே பேசினார்.

"காத்துள்ளபோதே தூத்திக்கணும்மா."

"மூணு வருஷம்னு சொன்னீங்க சார். பிள்ளைங்க இப்பத்தான் ஆடவே ஆரம்பிச்சிருக்காங்க."

"நான் வளர்க்க வேணாம்னா சொன்னேன்? வளர்த்துக்கிட்டே ஜெயிங்கன்னு சொல்றேன். டிக்கெட் விக்குது. டிவிக்காரன் போன் பண்றான். பெரியக்கா சும்மாதானே உட்கார்ந்திருக்கு, அதை ஆட விடுங்க." கதவுவரை போய்விட்டுத் திரும்பினார். "உங்க ஒப்பந்தமும் இந்த சீசனோட முடியுதுல்ல. பிளேஆஃப் போயிட்டா பேச்சே இல்ல, கையெழுத்துதான்."

போகாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. குழாயை மூடுவதற்கு அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் மொழியில் இது ஒரு வசதி, எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கத்துக்கு ஒரு பழமொழி தயாராக இருக்கிறது. அவர் சொன்ன பெரியக்கா, கழித்துக்கட்டிய மூத்தவர்களில் பிள்ளைகளுக்குத் துணையாக நிறுத்திவைக்கப்பட்ட ஒரே ஒருத்தி. முப்பத்தைந்து வயது, இரண்டு முழங்காலிலும் பட்டை. அவள் ஆடினால் குருவி உட்கார வேண்டும், இரண்டு பேருக்கும் ஒரே இடம்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் நாற்காலி போட்டு ஏறி ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து ஜன்னல்களில் பழைய படுக்கை விரிப்புகள்தான் தொங்குகின்றன. திரைச்சீலை தைத்து மாட்டினால் உடனே ஊர் மாற வேண்டி வருகிறது என்று அந்த வீட்டில் ஒரு பயம்.

"தைக்கக் கொடுக்கட்டுமா, வேணாமா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்கலாம். கடையில இப்பத்தான் என்னை நம்பி சாவியைக் கொடுத்திருக்காங்க. பாப்பாவுக்கும் ஒரு சிநேகிதி கிடைச்சிருக்கா. அதை மட்டும் மனசுல வச்சுக்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பாள். அலுத்துப்போன குரலில் சொன்னார். அவளுக்கும் அலுப்பாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு ஊர், மறுபடியும் ஒரு பள்ளிக்கூட வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது, நினைக்கவே உடம்பு கனத்தது.

அடுத்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். ஒரே ஒரு புள்ளி முன்னிலை. குருவி பந்தைக் கொண்டுபோனாள். இரண்டு பேர் மறித்தார்கள். பார்க்காமலே முதுகுக்குப் பின்னால் தட்டிவிட்டாள். வாங்க வேண்டியவள் ஒரு எட்டு பிந்திவிட்டதால், பந்து கோட்டைத் தாண்டிப் போய் நடுவர்களின் மேசைக்கடியில் உருண்டது. சுத்தமான நல்ல தப்பு, வேறு நாளாக இருந்தால் அன்றைய இருக்கைக்குப் போட்டியே இருந்திருக்காது. குருவி தோளைக் குலுக்கிச் சிரித்துக்கொண்டே தடுக்க ஓடினாள். அதற்குள் கோச்சக்காவின் கை பெரியக்காவைப் பார்த்து அசைந்துவிட்டது.

குருவிக்கு முதலில் விளங்கவில்லை. என்னையா என்று நெஞ்சில் விரலை வைத்துக் கேட்டாள். பிறகு வெளியே வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். பெரியக்கா உள்ளே போய்ப் பந்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, நேரத்தை மென்று தின்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாள். ஜெயித்தார்கள். திரும்பும்போது பேருந்தில் பட்டிமன்றத்தை யாரும் ஆரம்பிக்கவில்லை. விவரம் தெரியாத மேலாளர் அந்த ஒற்றை இருக்கையில் போய் உட்கார்ந்து, போனில் புள்ளிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவரை யாரும் எழுந்திருக்கச் சொல்லவும் இல்லை.

ஒரு தடவைதானே என்று கோச்சக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரமும் அதையே சொல்லிக்கொண்டாள். பிறகு சொல்லிக்கொள்ளும் வேலையும் மிச்சமானது. பந்து கைதவறினால் குருவி உடனே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். சில ஆட்டங்கள் போனதும், கைதவறுவதற்கு முன்பே பார்க்க ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. கோச்சக்கா கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை, எல்லாம் தெரிந்துதான் இருந்தது. பிளேஆஃப் வரட்டும், ஒப்பந்தம் கைக்கு வரட்டும், பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். ஜெயித்த நாட்களில்கூட வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றாமல் படுத்துவிடுவாள்.

ஒரு நாள் பயிற்சி முடிந்து பெரியக்கா முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு அவள் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் மூணு ஆட்டம். தாங்குமா?" என்று கேட்டாள் கோச்சக்கா.

"முட்டியா? அது போனது போனதுதான், அதை விடுங்க. அந்தக் குருவியைக் கவனிச்சீங்களா? அவளை எடுத்துட்டு என்னை அனுப்புறீங்கல்ல, எதிர்ல வர்றப்ப 'தேங்க்ஸ்க்கா'ன்னு சொல்லுது."

"மரியாதைக்குச் சொல்றா."

"எனக்கு மரியாதை எதுன்னு தெரியாதா? அப்பாடா தப்பிச்சோம்னு சொல்லுது."

கோச்சக்கா மேசை மேல் கிடந்த விசிலின் கயிற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டினாள். பெரியக்காவும் அதற்கு மேல் பேச்சை வளர்க்காமல் நொண்டிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் ஆறாவது இடம், தோற்றால் மூட்டை முடிச்சு. நடுவில் பெரியக்கா மூச்சு வாங்க வெளியே வந்தபோது கொஞ்ச நேரம் குருவியை விட வேண்டியிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு தடவை பந்து அவள் கையில் இருந்தது, கூடை நேர் எதிரே இருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் எதிரணி ஆள் ஒருத்தியும் இல்லை. கோச்சக்காவின் கால் விரல்கள் ஷூவுக்குள் மடங்கின. குருவி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு பந்தைப் பின்னால் நின்றவளிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்றாள். பெரியக்கா திரும்ப உள்ளே வந்து கடைசி ஆறு புள்ளியையும் ஒற்றை ஆளாகப் போட்டாள். ஆறாவது இடம் கிடைத்தது. "பழம் நழுவிப் பால்ல விழுந்துடுச்சு" என்று முதலாளி களத்துக்குள்ளேயே வந்து கத்தினார். மறுநாள் காலையில் சொன்னபடி கையெழுத்துப் போட்டார், இன்னும் இரண்டு வருடம். கணவர் அன்றே துணி எடுத்து வந்து தைக்கக் கொடுத்தார்.

இனி பயமில்லை என்று கோச்சக்காவுக்கு இருந்தது. வேலை நிச்சயம், வீடு நிச்சயம். கொடுத்த வாக்கை இப்போதாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாகப் பயிற்சிக்குப் போனாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறவர்களுக்கு அவசரம் அதிகம். குருவியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு முதல் பிளேஆஃப். நீதான் ஆரம்பிக்கிற. கடைசி வரைக்கும் நீதான்."

விளையாட்டாகச் சொல்கிறாளா என்று குருவி அவள் முகத்தைப் பார்த்தாள். "ஏன் கோச்சக்கா? பெரியக்கா நல்லாத்தானே ஆடுறாங்க?"

"அவ முட்டிக்கு ஓய்வு வேணும். அதுக்காகச் சொல்லல. உனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன், நானே அதை மீறிட்டேன். தப்பு என் மேல. நாளைக்கு உனக்கு எங்க தோணுதோ அங்க போடு. பத்துப் பந்தும் வெளிய போனாலும் நான் கையைத் தூக்க மாட்டேன்."

"அய்யோ, அதெல்லாம் ஏன் பேசுறீங்க? நீங்க என்னை எடுத்ததாலதான ஜெயிச்சோம்." குருவியின் குரலில் வருத்தம் இல்லை. கோச்சக்காவுக்கு ஆறுதல் சொல்கிற தொனிதான் இருந்தது. "எல்லாரும் கஷ்டப்பட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கோம். நான் உள்ள வந்தா எதையாவது பண்ணிக் கெடுத்துடுவேன். பெரியக்காவே ஆடட்டும் கோச்சக்கா. ப்ளீஸ்."

"நீ எதையும் கெடுக்கலடி."

"இல்ல கோச்சக்கா, எனக்குத் தெரியும். முன்னாடிதான் தெரியாம இருந்தேன்."

சொல்லிவிட்டுக் கோச்சக்காவின் கையை லேசாகத் தட்டிக்கொடுத்தாள், கவலைப்படாதீர்கள் என்பதுபோல. மறு கோடியில் பாஸ் பயிற்சிக்காக வரிசையில் நின்ற பிள்ளைகளை நோக்கி ஓடினாள். ஓடுகிற பாணி மட்டும் பழையபடியே இருந்தது. எல்லோரும் கோச்சக்காவைப் பார்த்துக் காத்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல் விசிலை ஊதினாள். பந்துகள் நெஞ்சிலிருந்து நெஞ்சுக்கு, கையிலிருந்து கைக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கடைசி வரை ஒன்றுகூடக் கீழே விழவில்லை.