ஒரு மணி நேரப் பேட்டி

விக்னேஸ்வரி தன் குற்றவியல் முதுகலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, போலீஸ் வரைக்கும் போகாத எஸ்டேட் குற்றங்கள். தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பிரிஞ்சாங்கில் பிறந்து வளர்ந்தவள் ஆயிற்றே, தோட்டத்து ஆட்கள் தன்னிடம் வாய் திறப்பார்கள் என்று நம்பி வந்துவிட்டாள். படித்த பிள்ளைகளுக்கு இந்த நம்பிக்கை எங்கிருந்துதான் வருகிறதோ. யார் பெயரையும் எழுதக் கூடாது என்பது பல்கலைக்கழகத்தின் விதி. அவளும் எழுதவில்லை. ஆளுக்கு ஓர் எண் போட்டாள், ஒலிப்பதிவைப் பூட்டி வைத்தாள்.

தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி ஆண்டியப்பன் தாமாகவே வந்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையைத் திறந்துவிட்டார். கொழுந்தை எடை போட்ட கையோடு பதினொரு பேர் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பத்துப் பேர் ஒவ்வொருவராக உள்ளே வந்து, "இங்க ஒன்னும் நடக்கலம்மா" என்று சொல்லிப் பத்தே நிமிடத்தில் எழுந்து போனார்கள். சுபத்ரா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போன மாதம் ஓடிப்போய்விட்டதாகக் கங்காணி எழுதிக்கொடுத்த நேப்பாளத் தொழிலாளி எங்கும் ஓடவில்லை. ஒன்பதாம் நம்பர் மலையில் கங்காணி அவனைப் பள்ளத்தில் பிடித்துத் தள்ளியதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். அதைச் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

மறுநாள், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் ஆண்டியப்பன் சிரித்த முகத்தோடு அருகில் வந்தார்.

"யார் பேரும் எழுதலயாமே தங்கச்சி. நல்ல விசயம்லா."

"ஆமாங்க."

"எல்லாரும் பத்து நிமிசத்துல வெளிய வந்துட்டாங்க. சுபத்ராவுக்கு மட்டும் ஒரு மணி நேரம். எதுத்த ஸ்டோர்லருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

பெயரை அவ்வளவு பத்திரமாக மறைத்த விக்னேஸ்வரிக்கு நேரத்தை மறைக்கத் தோன்றவில்லை. "மக கல்யாணத்தப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தாங்க" என்றாள்.

"அவளுக்கு ஏது மக?" என்றார் கங்காணி.

பிறகு ஆட்களைப் பிரித்தார். எல்லாருக்கும் மூன்றாம் நம்பர். சுபத்ரா ஒருத்திக்கு மட்டும் ஒன்பதாம் நம்பர் மலை. லோரியில் அவரே கொண்டுபோய் விடுவாராம். நாற்பது பேர் நின்றார்கள், அவரவர் கூடையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சுபத்ரா மறுபேச்சில்லாமல் லோரியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

விக்னேஸ்வரி கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். லைன் இல்லை. அவளும் ஏறி, சுபத்ராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ஒன்பதாம் நம்பரப் பாக்கணும்" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

கங்காணி பெரட்டைத் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ரெண்டு பேரா? சரி, போலாம்" என்று லோரியின் பின்கதவைத் தூக்கிக் கொக்கியை மாட்டினார்.