நான்காம் அட்டவணை

எஸ்டேட்டில் களைவெட்டை நிறுத்திவிட்டு மலர் ரோட்டு வளைவுக்கு ஏறி வந்தபோது மணி மூன்று தாண்டியிருந்தது. குப்பாயி கடைக்கு வெளியே நின்றிருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. அண்ணன் மகள் வந்தால் சூடாக ஒரு பஜ்ஜியாவது நீட்டாமல் பேச்சைத் தொடங்குகிறவள் இல்லை அவள். இன்று அவள் கையில் இருந்தது மலரின் போன்.

"தப்புப் பண்ணிட்டனா சாமி?" என்றாள். "உன்ற காலேஜு சாரு நாலு தடவ கூப்பிட்டாரு. ஓடிபி வந்திருக்கும், படிச்சுச் சொல்லுன்னாரு. நான் சொல்லுல. கடைசீல கத்திப்போட்டு வெச்சுட்டாரு."

செம்மநத்தத்துக்குக் கீழே இருக்கும் அவர்கள் ஊரில் டவர் கிடையாது. எஸ்டேட்டுக்குள்ளும் கிடையாது. ரோடு திரும்புகிற இந்த வளைவில் மட்டும்தான் நாலு கோடு எடுக்கும். ஆகவே வேலைக்குப் போகிறவர்கள் விடிந்ததும் போனைக் குப்பாயி கடைப் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். மொத்தம் பதினேழு போன்கள். பதினேழின் பூட்டும் அவளுக்கு மனப்பாடம். யாருடைய மகனாவது திருப்பூரிலிருந்து கூப்பிட்டால் எடுத்து நலம் விசாரிப்பாள். சிலிண்டர் வண்டி வந்தால் டிரைவர் யுவராஜ் முகத்துக்கு நேரே ஓடிபி சொல்லி இறக்கி வைப்பாள். தகவல் பாதுகாப்பு பற்றி எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதுதான் முதல் பக்கத்துப் பாவம். அதே படிப்பில் எம்.டெக். இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிற மலரும் ஊருக்கு வந்தால் தன் போனைப் பதினெட்டாவதாக அங்கேதான் வைக்கிறாள். வேறு எங்கே வைப்பது?

முதல் வருடம் இதைச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. வகுப்பில் யாராவது "கிராமத்து ஆளுங்க" என்று ஆரம்பித்தாலே தலையைக் குனிந்துகொள்வாள். பிறகு, வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது, சோதித்துத்தான் பார்ப்போமே என்று தோன்றியது. அதுவே அவளுடைய ஆய்வேடு ஆனது. ஊரில் எல்லாரிடமும் முன்கூட்டியே சம்மதம் கேட்டுக்கொண்டாள். என்றைக்கு, யார் குரலில் என்று மட்டும் சொல்லவில்லை. உடன் படிக்கும் கார்த்திக் பேங்க் அதிகாரியாகப் பேசினான். கேஸ் கம்பெனியாகப் பேசினான். ஒருநாள் அழுதுகொண்டே தொலைந்துபோன பேரனாகக்கூடப் பேசினான். பதினேழு போனுக்கும் ஓடிபி போனது. குப்பாயி பேரனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர ஒரு எண்ணும் சொல்லவில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்காத ஆளுக்குச் சொல்வதில்லை என்பது அவள் வைத்திருக்கும் ஒரே சட்டம். அதே சோதனை கல்லூரியில் அறுபத்திரண்டு பேருக்குப் போனது. அதற்கான அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் சந்திரசேகர். போட்டதை மறந்தும்போனார்.

அறுபத்திரண்டில் இருபத்துமூன்று பேர் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் முந்திக்கொண்டு, ஒரு நிமிடம் நாற்பது வினாடியில் கொடுத்தவர் ஒரு பேராசிரியர். ஆய்வேட்டின் நான்காம் அட்டவணையில் பெயர் எதுவும் இல்லை. போனில் பேசிய கார்த்திக்கை விட்டால், அந்த ஒரு வரி யாரைப் பற்றியது என்று தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருத்தி மலர். இன்னொருவர் அந்த வரிக்கு உரிய சந்திரசேகர்.

போன வாரம் அவர் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் அவர் உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. ஆய்வேட்டிலிருந்து கல்லூரிக் கணக்கை நீக்கிவிடலாம், மலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார். பதினேழு குடும்பம் ஒரே பொம்பளையிடம் போனைக் கொடுத்து வைப்பது பெரிய ஓட்டை இல்லையா, 'மலைவாழ் மக்களிடையே விழிப்புணர்வின்மை' என்று தலைப்பு வைத்தால் வெளிநாட்டு மாநாட்டுக்கே போகும் என்றார். ஏமாறாதவர்களை அறியாதவர்கள் என்று எப்படி சார் எழுதுவது என்று மலர் கேட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னால் அவளுக்கு வராது. தன்னுடைய ஆய்வேட்டை அப்படியே பல்கலைக்கழகப் போர்ட்டலில் ஏற்றிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாள். இன்று ஐந்து மணிக்குள் அவர் ஒப்புதல் தரவேண்டும். தராவிட்டால் ஒரு வருடம் போச்சு. சென்னையில் கிடைத்த வேலையும் போச்சு.

மலர் போனைத் திறந்தாள். நான்கு மெசேஜ்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அவளுடைய ஆய்வேட்டை நீக்கிவிட்டு வேறு கோப்பு வைக்க ஓடிபி என்று நான்கும் சொல்லின. வழிகாட்டி கோப்பை மாற்றலாம். ஆனால் மாணவியின் போனுக்கு வரும் எண் இல்லாமல் அது ஏறாது. அவருக்கு வேண்டியதை அவரே எழுதி, அவள் பெயரில் உள்ளே வைக்கப் பார்த்திருக்கிறார். காலையிலிருந்து வெட்டிய களையை எல்லாம் மறுபடி வெட்டலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணுலைங்கத்தை. சொல்லியிருந்தாத்தான் தப்பு."

"நொம்பப் பெரியவரு மாதிரி பேசுனாரு கண்ணு. உன்ற படிப்பு கெட்டுப்போயிருமோன்னு ஈரக்கொலையே நடுங்கிப்போச்சு. ஆனாலும் வாய் வருல."

மலரே அவரைக் கூப்பிட்டாள். சந்திரசேகர் முதலில் தேனாகப் பேசினார். எல்லாம் அவளுடைய நல்லதுக்குத்தான், வார்த்தைகளைக் கொஞ்சம் சரிசெய்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு எண், ஆறு இலக்கம், அஞ்சு மணிக்கு முன்னால் சொன்னால் அடுத்த நிமிடம் ஒப்புதல். சொல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், அப்போதும் வழிகாட்டி அவர்தான் என்பதை மறந்துவிட வேண்டாம். ஒரு பஜ்ஜிக் கடைக்காரியை வைத்துத் தன்னை அவமானப்படுத்தியதாகவும் சொன்னார்.

"ஓடிபிய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு மொத நாள் போர்டுல எழுதுனது நீங்கதானுங்க சார்," என்றாள் மலர். "நாங்க அறுவது பேரு நோட்டுல எழுதிக்கிட்டோம். எங்கத்தை எழுதுல. அவிய அது மாதிரி நடந்துக்கறாங்க."

அவர் வைத்துவிட்டார்.

மலர் லேப்டாப்பை மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். நான்காம் அட்டவணையின் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். பதினெட்டாவது போன். அழைப்புகள் நான்கு. அழைத்தவருக்கு உரிமையாளரின் பெயர், படிப்பு, கடைசி நாள் எல்லாம் தெரியும். அவர் நடிக்கவில்லை, சோதனையின் பகுதியும் அல்ல. கொடுக்கப்பட்ட ஓடிபி: இல்லை. அழைத்தவரின் பெயரையும் எழுத ஒரு கணம் கை போனது. வேண்டாம் என்று விட்டாள். நேரத்தை மட்டும் நிமிடம் பிசகாமல் எழுதினாள். மெசேஜ்களைப் படமெடுத்துப் பின்னிணைப்பில் வைத்தாள். மறுபடி ஏற்றினாள். போர்ட்டல் ஓடிபி கேட்டது, அது அவள் போனுக்கே வந்தது, அவளே அடித்தாள். 'வழிகாட்டியின் ஒப்புதல் நிலுவையில்' என்று திரையில் நின்றது. அதே கோப்பைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் மெயிலில் தட்டிவிட்டாள். இதனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகட்டும் என்று இருந்தது.

நாலே முக்காலுக்கு எஸ்டேட் ஆட்கள் மேலே வந்தார்கள். அம்மாசி, மலரின் அப்பா, களைக்கொத்தைத் தோளில் போட்டபடி முன்னால் வந்தார். பின்னால் பெண்கள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். பலகையைச் சுற்றி வழக்கமான தள்ளுமுள்ளு தொடங்குமுன் மலரின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்டதற்குக் குப்பாயி இரண்டே வரியில் சொன்னாள். அம்மாசி மகளைப் பார்த்தார். ஒரு வருடம் போனால் என்ன செய்வது என்று கேட்பாரோ என்று மலர் காத்திருந்தாள். அவர் கொத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஐந்துக்கு நாலு நிமிடம் இருக்கும்போது மலரின் போன் அடித்தது. சந்திரசேகர் என்று பெயர் வந்தது. குப்பாயி போனையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

மலர் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, பலகையின் நடுவில் வைத்தாள்.

"சொல்லுங்க சார். ஊரே இங்கதான் நிக்குது. எல்லாரும் கேக்கறாங்க."

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கப் பெண்கள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தார்கள். பதினேழு போன்களும் பலகையில் அப்படியே கிடந்தன. யாரும் தங்களுடையதை எடுக்கக் கை நீட்டவில்லை.