சிந்தர் கௌரின் சாவி

பஞ்சாபில் கோட்லி கலான் கிராமத்து ஜக்தார் சிங்கின் மனைவி சிந்தர் கௌருக்கு வீட்டுப் புல்லட் வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான் இதயம் துடிக்கும். எஞ்சினை நிறுத்தினால் அவளும் நின்றுவிடுவாள். சாவதில்லை. ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தால் கையில் கட்டையோடு, சிரித்துக்கொண்டிருந்தால் சிரித்த வாயோடு அப்படியே நிற்பாள். ஜக்தார் வந்து அடுப்பை அணைப்பான், குளிர்காலமாக இருந்தால் கம்பளியைப் போர்த்திவிடுவான். இது அவர்களுக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் மூடுபனியில் நடந்த விபத்தில் வந்தது. பால் டிரம்கள் கட்டிய வண்டி கால்வாய்க் கரையில் சரிந்தபோது அவள் இதயம் நின்றுபோனது. சாய்ந்து கிடந்த வண்டி மட்டும் நிற்காமல் ஓடியது. சற்று நேரத்தில் அவள் நெஞ்சு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டது. பக்கத்து டவுன் ராய்கோட்டின் டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வெளியே போய் வண்டியையும் கேட்டுவிட்டு, இரண்டும் ஒன்றுதான், வண்டிக்கு நல்ல ஆயில் ஊற்றுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஜக்தார் காலையும் மாலையும் பால் எடுக்கப் போவான். இரண்டு பக்கமும் தொங்கும் டிரம்களுக்கு நடுவே அவளும் உட்கார்ந்து போவாள். திரும்பி வந்ததும் வண்டியை முற்றத்தில் ஓடவிடுவான். அது ஓடும் நேரத்துக்குள் அவள் சமைத்து, துவைத்து, மகளுக்குச் சடை பின்னிவிடுவாள். பிறகு பெட்ரோல் வீணாகிறதென்று அவன் சாவியைத் திருப்புவான். அதனால் அவளுக்கு வயதும் மெதுவாகத்தான் ஏறியது. அவன் தாடி வெளுத்த காலத்தில் அவள் தலை கறுப்பாகவே இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்த அன்று, பெண்ணின் அக்காவா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள்.

அந்தப் பழைய எஞ்சினின் குணமெல்லாம் அவளுக்கு உள்ளிருந்தே தெரியும். இரும்பு வார்ப்பு, உள்ளே சுற்றும் கனத்த சக்கரம், எஞ்சின் தனி, கியர் பெட்டி தனி. ஒரு துடிப்பு மாதிரி அடுத்தது இருக்காது. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே சீரகம் பொரிந்துவிடும். மழையில் தீப்பொறி தரும் பாயிண்ட் நனைந்தால் அவளுக்குப் பேச்சு திக்கும். அதைக் கிளப்புவதும் லேசில்லை. சின்ன லிவரை அழுத்திக் காற்றை விட்டு, ஆம்பியர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்து, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு ஒரே மிதி மிதிக்க வேண்டும். அந்த வண்டி ஜக்தாரின் காலுக்கு மட்டுமே பழகியிருந்தது. வேறு யார் மிதித்தாலும் கிக்கர் திருப்பி உதைக்கும்.

ஒரு தடவை, கால்வாய்ப் பக்கத்து நிலத்தைத் தம்பிக்குக் குத்தகைக்கு விடுவதைப் பற்றிச் சண்டை வந்தது. "உங்க தம்பி ஒரு போகம் கூட ஒழுங்கா..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே ஜக்தார் சாவியைத் திருப்பிவிட்டான். "...குடுத்ததில்ல" என்று அவள் முடித்தபோது தம்பியின் டிராக்டர் அந்த நிலத்தைப் பாதி உழுதிருந்தது. அவள் ஜன்னல் வழியாக டிராக்டரைப் பார்த்தாள், முள் நடுவில் ஆடிக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்தாள், பிறகு மாவு பிசையப் போனாள். அதற்கப்புறம் அவனிடம் பேசும்போதெல்லாம் அவன் கை சாவிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் பேசினாள். அவனும் அதைக் கவனித்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் வண்டியை நிறுத்தியதும் சாவி அவன் சட்டைப் பைக்கே போனது.

அந்த வட்டாரத்தில் புல்லட் எவ்வளவு மெதுவாகத் துடிக்கிறதோ அவ்வளவு பெருமை. ஜக்தாருக்கு அதோடு இன்னொரு கணக்கும் இருந்தது. மெதுவாகத் துடித்தால் அவள் ரொம்ப நாள் இருப்பாள் என்று நினைத்து, வருஷத்துக்கு வருஷம் எஞ்சின் வேகத்தை வைக்கும் திருகாணியைக் குறைத்துக்கொண்டே வந்தான். எஞ்சின் அத்தனை மெதுவாகச் சுற்றினால் ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஆயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேராது. சிந்தருக்கு நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருந்தது. ஒரு மார்கழியில் ஜக்தாரின் முழங்கால் பிடித்துக்கொண்டது; அணைத்த வண்டியை அவனால் மிதிக்க முடியவில்லை. அவள் சமையலறையில் அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம் பிடித்த கையோடு நின்றாள். ஊர் வாலிபர்கள் வரிசையில் வந்து மிதித்தார்கள். ஒருவனுக்குக் கணுக்கால் முறிந்தது. பனி விலகி, கடுகுப் பூ உதிரும் வரை அவள் அப்படியே நின்றாள்.

ராய்கோட் மெக்கானிக் பில்லு மிஸ்திரி எஞ்சினைப் பிரித்து, கனெக்டிங் ராடின் பேரிங்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கருகியிருந்தது.

"எவன் இவ்வளவு கம்மியா வச்சான்?"

"நான்தான். அவளுக்கு நல்லதுன்னு வச்சேன்."

"நல்லா வச்ச பாயி. பட்டினி போட்டுட்டு மெலிஞ்சு அழகா இருக்கான்னு சொல்ற மாதிரி."

பழையதற்கு இனி உயிர் இல்லை, புதுசு ஒன்று இருக்கிறது என்றான் பில்லு. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கட்டை. அலுமினியம். பெட்ரோலை அளந்து விட ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. மிதிக்க வேண்டாம், பட்டனை அழுத்தினால் போதும்.

"அது எஞ்சினா? தையல் மெஷின். அந்தச் சத்தத்துலயா என் பொண்டாட்டி மூச்சு விடணும்?"

"நீ கட்டிக்கிட்டது சத்தத்தையா, பாபியையா?"

அண்ணன், அண்ணி முறையில் பில்லு அவர்களை பாயி, பாபி என்றுதான் கூப்பிடுவான். புது எஞ்சினை அவள் நெஞ்சு ஏற்குமா என்று பில்லுவுக்கே தெரியாது. இரண்டு எருமையை விற்று அதை வாங்கி, பழைய சட்டத்தை வெட்டி ஒட்டி, பெட்ரோல் டாங்கியையும் மாற்றிப் பொருத்தினார்கள். வண்டியில் பழையதென்று சட்டமும் பால் டிரம் கொக்கிகளும்தான் மிஞ்சின. ஜக்தார் முற்றத்துக் கட்டிலில் இருந்தபடி கையை நீட்டிப் பட்டனை அழுத்தினான். எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் சமையலறையில் அவள் அசையாமலே நின்றாள். பில்லு தலைப்பாகை நுனியால் முகத்தைத் துடைத்தான். டீ ஆறும் நேரம் போனது. பிறகு சமையலறையில் பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

அவள் முற்றத்துக்கு வந்து, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

"எப்படி பாபி இருக்கு?" என்றான் பில்லு.

"பழசு நின்னு நின்னு யோசிக்கும். இது யோசிக்காம போயிட்டே இருக்கு. இனிமே யோசிக்கிறது என் வேலை போல."

"பழசை மாதிரி இல்லல்ல?" என்றான் ஜக்தார்.

"இல்ல. அது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதுக்கு உங்க கால் வேணும், சர்தார்ஜி. இதுக்கு யார் விரலும் போதும்." கையை நீட்டினாள். "சாவி."

"வண்டியிலதான இருக்கு."

"நீங்க எடுத்துக் குடுங்க. நான் கேட்டு நீங்க குடுத்ததா இருக்கட்டும்."

சாவியை எடுத்தால் எஞ்சின் நின்றுவிடும் என்று பில்லு பதறினான். அவளுக்கும் அது தெரியும். ஜக்தார் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்து நொண்டி வந்து, சாவியைத் திருப்பி எடுத்தான். நீட்டிய கையோடு அவள் நின்றாள். அந்தக் கைக்குள் சாவியை வைத்து விரல்களை மடக்கினான். அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, பில்லு கொண்டுவந்திருந்த மாற்றுச் சாவியைக் கேட்டு வாங்கிப் போட்டு, பட்டனை அழுத்தினான். அசைவு வந்ததும் அவள் அந்த மாற்றுச் சாவியைக் கேட்கவில்லை. அது வண்டியிலேயே இருக்கட்டும் என்றாள்.

அதிலிருந்து அந்த வண்டி நிற்பதில்லை. ஆயில் மாற்றும் நாளில் மட்டும் அவளாகவே நிறுத்துகிறாள்; மாற்றி முடித்ததும் ஜக்தார் பட்டனை அழுத்துகிறான். பால் எடுக்க அவள்தான் போகிறாள், முழங்கால் மடங்காத ஜக்தார் டிரம்களுக்கு நடுவே உட்கார்ந்து வருகிறான். அவளுக்கும் இப்போது மற்றவர்களைப் போலவே வயதாகிறது, காதோரம் நரைத்துவிட்டது. ராய்கோட் சாலை பெட்ரோல் பங்கில் எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். அவள் வண்டி வந்தால் பையன்கள் மற்ற வண்டிகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, ஓடுகிற வண்டியிலேயே டாங்கியை நிரப்பி, மூடியைத் திருகி அனுப்புகிறார்கள்.