மதிலுக்கு மேலே கைகள்

மில் சங்கு அலறியது. விட்டு விட்டு, மூச்சு வாங்கி வாங்கி அலறியது.

ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரியின் கையிலிருந்த டீ, சீருடையில் கொட்டியது. ஷிஃப்ட் சங்கு என்றால் ஒரே நீட்டு. விட்டு விட்டு ஊதினால் தீ. பாதுகாப்புப் பயிற்சி தருபவன் என்ற முறையில் அந்த மில்லில் வருஷக்கணக்காக அவன் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான்.

"ஏனுங்க, வண்டி இன்னும் ஜில்லாவையே தாண்டல. அதுக்குள்ள கை நடுங்குதா?" எதிர் சீட்டிலிருந்து சிரித்தான் ராமுலு. ஆர்.எஸ்.புரத்தில் பேங்க் குமாஸ்தா. இருவருமே டெரிடோரியல் ஆர்மி. வருஷத்தில் இரண்டு மாதம் சீருடை, மற்ற நாளெல்லாம் அவரவர் உத்தியோகம். கார்கிலில் சண்டை மூண்டதும் வடக்கே காவலுக்கு வரச்சொல்லி உத்தரவு வந்துவிட்டது. சற்று முன்புதான் போத்தனூரில் ஏறியிருந்தார்கள்.

"அது எங்க மில்லுங்க. உள்ளே தீப்பிடிச்சிருக்கு. ராசாத்தாள் வேலையில இருக்கா."

ராமுலுவின் சிரிப்பு அடங்கியது. ஸ்டேஷனுக்கு வந்தால் அழுதுவிடுவேன் என்று சொல்லி, வழக்கம்போல நூல் சுற்றும் பிரிவுக்கு வேலைக்குப் போயிருந்தாள் வெள்ளியங்கிரியின் மனைவி.

தண்டவாள வேலை நடப்பதால் ரயில் நத்தையாக ஊர்ந்தது. மில்லின் பின்பக்க மதில் தெரிந்தது. மதிலை ஒட்டிப் பஞ்சு குடோன். அதன் கூரை இடுக்கில் கரும்புகை கசிந்தது.

வெள்ளியங்கிரி தன்னைத் தேற்றிக்கொண்டான். பயப்பட என்ன இருக்கிறது? இந்நேரம் எல்லோரும் முன்கேட் மைதானத்துக்குப் போயிருப்பார்கள். முதல் தீ ஒத்திகையின்போது வாசலில் நின்றுகொண்டு, "நீங்க போங்க", "அட, நீங்க முன்னால போங்கக்கா" என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்த கூட்டம்தான். தொண்டை வறளக் கத்தி அந்த மரியாதையை அவன்தான் ஒழித்தான். இப்போதெல்லாம் சங்கு ஊதினால் மில்லே மடமடவென்று காலியாகிவிடும்.

அப்போதுதான் மதிலுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. பக்கத்தில் இன்னொன்று. மரப்பெட்டிகளை அடுக்கி ஏறியிருக்க வேண்டும், வரிசையாகத் தலைகள், கைகள். பாவாத்தாள் அக்கா முந்தானையை வீசினாள். மெக்கானிக் வெங்கடபதி துண்டைச் சுழற்றினார். நடுவில், கனகாம்பரம் வைத்த தலையோடு ராசாத்தாள்.

குடோனுக்கும் மதிலுக்கும் நடுவே இருப்பது குறுகலான முட்டுச்சந்து. குடோன் கதவு திறப்பதும் அதே பக்கம்தான். தீ வெளியே வந்தால் ஓட வழியில்லை.

"இங்கே எதுக்கு வந்தீங்க? போங்க! கேட்டுக்குப் போங்க!" ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கத்தினான்.

அவர்களும் பதிலுக்குக் கத்தினார்கள். சிரித்தார்கள். எல்லோர் கண்ணும் ரயில் மேல். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுந்து ஓடினான். வாசலை மறித்து டிரங்குப் பெட்டிகள் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருந்தன. அபாயச் சங்கிலியை எட்டிப் பிடித்தான். அணிக்குப் பொறுப்பான சுபேதாரின் முரட்டுக் கை அவன் மணிக்கட்டை இறுக்கியது.

"சண்டைக்குப் போற வண்டிடா இது. நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"சார், தீ... என் சம்சாரம் சார்..."

சுபேதார் குனிந்து வெளியே பார்த்தார். "எல்லாரும் சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. மில்லுன்னா புகை வரத்தான் செய்யும். எங்கே தீ? உக்காரு!"

கை விடுபடவில்லை. ராமுலு எழுந்து ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் நீட்டி, பின்னால் பாருங்கள் என்று சைகை காட்டினான். மதிலில் இருந்தவர்கள் அதற்கும் உற்சாகமாகக் கையசைத்தார்கள். சங்கு நிற்காமல் அலறியது.

குடோன் கூரையில் ஒரு ஓடு வெடித்துச் சிதறியது. ரயில் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

"ராசாத்தா! ஓடு! தீ! தீ!" வெள்ளியங்கிரியின் குரல் கிழிந்தது.

கடைசி வார்த்தை மட்டும் அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். கன்னத்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவனுக்குத் தைரியம் சொல்கிற மாதிரி சிரித்தாள். வாயருகே கை குவித்துக் கூவினாள்:

"பயந்துக்காதீங்க! தீயெல்லாம் இல்லீங்க! நீங்க போறதுக்கு மரியாதையா மேனேஜர்தான் சங்கு ஊதச் சொல்லியிருக்காருங்க!"